வலது மூலையில் கருகல்

தப்புச் செய்துவிட்டோம் என்று மாப்பிள்ளைக்கு உறைத்தபோது மாதாவின் பாதம் வீங்கத் தொடங்கியிருந்தது.

கண்ணாடியின் மேல் ஓர் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன அடையாளம். அவ்வளவுதான். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைப் பீய்ச்சி, பழைய பனியனால் ஓர் இழுப்பு இழுத்தான். ஈயின் அடையாளம் போய்விட்டது. ஆனால் திரவம் கீழே வழிந்து, சட்டத்தின் இடுக்கில் இறங்கி, உள்ளேயிருந்த படத்தை எட்டிவிட்டது. நனைந்த இடம் மெல்ல எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால்விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"எதையும் தொடாதீங்க மாப்பிள்ளை" என்று மாமனார் கிளம்பும்போது சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுக் காரில் ஏறியவர், அது போதாது என்று நினைத்தோ என்னவோ, இறங்கி வந்து இன்னொரு முறையும் சொன்னார்.

தொடாமல் இருப்பது அவன் சுபாவத்தில் இல்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் அவன் முறுக்கிய திருகை நம்பித்தான் ஜனங்கள் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் மட்டும் ஒரு குழல்விளக்கை மாற்றக்கூட விடமாட்டார்கள். "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்பார் மாமனார். அதற்கு அர்த்தம் வேறு என்பது எல்லாருக்கும் தெரியும்.

குடும்பம் முழுக்க ஓர் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. திரும்பும்போது, புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் பங்குச் சாமியாரையும் காரில் கையோடு அழைத்துவருவதாக ஏற்பாடு. மாமனார், கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் துணைத்தலைவர். புதுச் சாமியார் யாராக இருந்தாலும், பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் அவரைக் கூட்டிவந்து இந்தப் படத்தின் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அப்போதுதான் பதவியில் இருப்பது மாதிரி அவருக்கு ஒரு நிம்மதி.

மாப்பிள்ளைக்கு வேண்டியது மாடி வீட்டுச் சாவி.

குடியிருந்தவர்கள் காலிசெய்து போனதிலிருந்து மாடி பூட்டியே கிடந்தது. கீழே, அவனும் மனைவியும் படுக்கும் அறையில் மாமியாரான அத்தையின் தையல் இயந்திரம், பேரவையின் மடக்கு நாற்காலிகள், மாதாவின் தேர் இழுக்கும் கயிறு, ஓர் ஒலிபெருக்கிக் குழாய். புரண்டு படுத்தால் குழாயின் வாய்க்குள் தலை போய்விடும். மனைவி காதில் ஏதாவது ரகசியம் சொன்னால் அது குழாய்க்குள் போய் இரண்டு மடங்காக வெளியே வந்தது.

"பொறுப்பு வரட்டும், சாவி தானா வரும்" என்பது மாமனாரின் கொள்கை. இன்றைக்குக் காலையில்தான் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். "வீட்டை ஒரு நாள் பாத்துக்குங்க. சாயங்காலம் பேசிக்கலாம்."

அந்தச் சாயங்காலத்துக்கு அதிக நேரம் இல்லை.

படத்தில் இருப்பது வியாகுல மாதா. நெஞ்சில் ஏழு வாள், கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், முக்காடு கிட்டத்தட்டக் கறுப்பு. விருந்தாளி யார் வந்தாலும் மாமனார், எப்போதோ செத்துப்போன ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து பிடுங்கிவைத்த ஏரியலை எடுத்து, ஒவ்வொரு கணுவாக நீட்டி, படத்தின் முன்னால் நிற்பார்.

"கையால தீட்டினது. எங்க முப்பாட்டனார் கப்பல்ல கொண்டு வந்தது."

"என்னோட முப்பாட்டனார்" என்று அத்தை உள்ளேயிருந்து திருத்துவார். மாமனாரும் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான் என்பது அந்த ஒரு சொல்லில் வெளியே வந்து எட்டிப் பார்க்கும். அது உட்காருவதற்குள் மாமனார் ஏரியலை நகர்த்திவிடுவார்.

"இந்த விரிசலைப் பாருங்க. ஒளிவட்டத்துல ஆரம்பிச்சு இடது தோள் வரைக்கும் வருது. நடுக்கடல்ல புயல். கப்பலே ரெண்டாப் பிளந்திருக்க வேண்டியது. அந்தப் பிளவை மாதா தன் மேல வாங்கிக்கிட்டா."

விருந்தாளி 'அடடா' சொல்ல ஒரு சின்ன இடைவெளி. பிறகு ஏரியல் இடது மூலைக்கு இறங்கும்.

"இது கருகல். நான் கல்யாணமாகி வந்த புதுசு. எல்லாரும் வெளியூர் போயிருந்தாங்க, வீட்ல நான் ஒருத்தன்தான். திடீர்னு தீ. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. திரைச்சீலை பத்திக்கிச்சு. நேரா மாதாகிட்ட வந்த தீ, காலடியைத் தொட்டுச்சு, அப்படியே அடங்கிருச்சு. தீயே மண்டி போட்டுச்சுங்க."

இப்போது அந்தக் காலடிதான் வீங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை படத்தை இறக்கிச் சாப்பாட்டு மேஜையில் குப்புறப் போட்டு, பின்பக்க ஆணிகளை நெம்பினான். கண்ணாடியைத் தனியே எடுத்துக் குளியலறைச் சுவரில் சாய்த்துவைத்தான். வெளியே வந்த படத்தின் அடிவிளிம்பில், இதுவரை சட்டம் மறைத்துவைத்திருந்த இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: மூல ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இந்தப் பிரதியை எந்த அச்சகம் அச்சிட்டது என்று.

விரலால் விரிசலைத் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. விரிசலும் அச்சு. மேலே இருந்த பூச்சி அரித்த பொட்டுகளும் அச்சு. இடது மூலைக் கருகல் மட்டும் விரலில் சொரசொரத்தது. அந்தப் படத்தில் நிஜமானது அது ஒன்றுதான். தீ விஷயத்திலாவது மாமனார் பொய் சொல்லவில்லை என்று அவனுக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

மனைவிக்கு ஃபோன் போட்டான்.

"இங்க பாரு, பதறாத. உங்க மாதா அச்சுப் படம்."

"சத்தமாப் பேசுங்க, பக்கத்துல மேளம்."

"உங்க மாதா அச்சுப் படம்."

அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது. பிறகு, எங்கோ ஒதுங்கி வந்தவளாக, அவள் குரல் தாழ்ந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? முப்பாட்டனார் தலைல அடிச்சு சத்தியம் பண்றவரு."

"சொல்லிடாதீங்க. தாங்கமாட்டாரு. பேரவைல தலைகாட்ட முடியாது. ஆமா, நீங்க எதுக்கு அதைக் கழட்டினீங்க?"

"கொஞ்சம் நனைஞ்சிருச்சு."

"தொடாதீங்கன்னு சொன்னாரே."

"ஈ தொட்டுச்சு. நான் ஈயைத்தான் தொட்டேன்."

"சாவியை மறந்துருங்க" என்றாள். மனம் கேட்காமல் அவளே மறுபடி, "மேல துணி போட்டு லேசா இஸ்திரி போடுங்க. லேசா" என்றாள்.

லேசாகத்தான் போட்டான். துண்டை விரித்து, இஸ்திரிப் பெட்டியை ஒரு நடை நடத்தினான். பாதம் சமனாவது போலத் தெரிந்தது. உற்சாகத்தில் முகம் வரைக்கும் ஓட்டினான். துண்டை எடுத்தபோது படமும் கூடவே எழுந்தது. பிரித்தபோது பாதி மாதா படத்திலும் பாதி மாதா அத்தையின் பூந்துவாலையிலும் இருந்தார்கள். துண்டில் முகம் இன்னும் தெளிவு. வேறு வீடாக இருந்தால் அந்தத் துண்டுக்கே வாசலில் கூட்டம் கூடியிருக்கும். அவன் அதைச் சுருட்டி அழுக்குக் கூடையின் அடியில் திணித்துவிட்டு, பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடை பெரிய தெருவின் முனையில் இருந்தது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

"வியாகுல மாதா இருக்கா? பழைய ஓவியத்தோட அச்சு."

"ஏழு வாளா, ஒரு வாளா?"

"ஏழு."

"அழுகுறதா, அடக்கிக்கிறதா?"

"ஒரு சொட்டு வரும்."

"ஏழு வாள், ஒரு சொட்டு. எப்பவும் ஓடுற சரக்குங்க அது. எங்கப்பா காலத்துலேர்ந்து விக்கிறோம்." பரணிலிருந்து ஒரு குழலை எடுத்து, சுருளை உருவி மேஜையில் விரித்தார்.

மாப்பிள்ளைக்குக் கண் கூசியது. முக்காடு பளீரென்ற நீலம். வானத்தில் மேகம். விரிசலைக் காணவில்லை. போதாக்குறைக்கு வலது மூலையில், ரோமக் கழுத்துப்பட்டை வைத்த அங்கி போட்டுக்கொண்டு, இரட்டைத் தாடையோடு ஒரு பெரிய மனிதர் மண்டியிட்டுக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"யாருங்க இது?"

"படம் போடச் சொல்லிப் பணம் குடுத்தவரு. அந்தக் காலத்துல அப்படித்தான். செலவு பண்ற ஆளையும் ஒரு மூலைல வரைஞ்சுவிட்டுருவாங்க."

"முன்னாடி இவர் இல்லையே."

"இருந்தாரு. மெழுகுவத்திப் புகைக்குள்ள இருந்தாரு. இப்ப மூலப் படத்தை மியூசியத்துல சுத்தம் பண்ணிட்டாங்க. அழுக்கு போச்சு, விரிசல் போச்சு, இவர் வந்தாரு. இது புதுப் பதிப்பு. எவ்வளவு தெளிவு பாத்தீங்களா?"

"எனக்குத் தெளிவு வேண்டாம். விரிசலோட குடுங்க."

கடைக்காரர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "விரிசல் வேணும்னு கேட்டு வந்த ஆளு நீங்கதான்."

"எங்க வீட்டுக்கு அதுதான் சரிப்படும்."

"இனிமே அது வராதுங்க. பழைய பதிப்பு நின்னு போச்சு."

மூலையில் மண்டியிட்டிருந்தவரை மாப்பிள்ளை உற்றுப் பார்த்தான். இவ்வளவும் என்னால்தான் என்று சொல்லும் அந்த அடக்கமான முகம் அவனுக்குப் பழக்கமான முகம். பேரவைக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, கெட்டியாகத் தேநீர் போட்டான். குடிக்க அல்ல. பஞ்சைத் தோய்த்து மாதாவின் நீலத்தின் மேல் ஒற்றினான். நீலம் மங்கியது. மேகம் பழுப்பானது. இன்னொரு பூச்சில் ஒரு தலைமுறை பின்னால் போனது. முகத்தில் ஒட்டிக்கொண்ட தேயிலைத் துகள்களைக் கூட அவன் எடுக்கவில்லை. பூச்சி அரித்த பொட்டுகளுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். தன் கைத்திறனில் அவனுக்கே ஒரு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கைதான் வினையாகிப்போனது.

மறுபடி ஃபோன்.

"உன் கண்மை பென்சில் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"மாதாவுக்கு விரிசல் போடணும்."

"கண்ணாடி பக்கத்துல, பச்சைப் பைக்குள்ள. நாங்க ஃபாதர் வீட்டு வாசல்ல நிக்கிறோம். அவர் செருப்பு மாட்டிட்டு இருக்காரு."

மெக்கானிக் போட்ட கோடு லிஃப்ட் கம்பி மாதிரி நேராக வந்தது. அதை வளைத்துவிடப் போய் மூக்கைத் தொட்டது. மூக்கை விட்டு விலக்கப் போய் இடது தோளுக்குப் பதில் வலது தோளில் முடிந்தது. தேநீரின் ஈரத்தில் மை ஊறி, மயிரிழையாக இருக்க வேண்டியது கயிறாகத் தடித்தது. அழித்தால் மூக்கும் சேர்ந்து போய்விடும் என்பதால் அதை விட்டுவிட்டு, மூலையில் இருந்த பெரிய மனிதரைக் கவனித்தான்.

அவரை என்ன செய்தாலும் மறைக்க முடியவில்லை. தேநீர் பூசப் பூச அவருக்குக் கம்பீரம் கூடியது.

கருகல் இருக்க வேண்டியது இடது மூலை. ஆள் இருப்பதோ வலது மூலை. இரண்டு மூலையும் கருகியிருந்தால் தீ இரண்டு முறை மண்டி போட்டதாக ஆகும். கதையில் அதற்கு இடமில்லை. வலது மூலையையே கொளுத்திவிடுவோம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று மெழுகுவத்தியை ஏற்றிப் படத்தின் அடியில் காட்டினான்.

ஈரத்தில் முதலில் பற்றவே இல்லை. புகைந்தது. இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தான். புகைந்தது. குனிந்து ஊதினான். குப்பென்று பற்றிக்கொண்டு, ரோமக் கழுத்துப்பட்டையைத் தின்று, இரட்டைத் தாடையைத் தின்று, மாதாவின் பாதத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தது. மண்டி போடும் உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. கைக்கு அகப்பட்டதை எடுத்து அடித்தான். அடித்து அணைத்த பிறகுதான் அது பங்குச் செய்திமடல் என்று பார்த்தான். முதல் பக்கத்தில், புன்னகைத்தபடியே பாதி கருகிப்போய், மாமனார்.

வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம்.

படத்தைச் சட்டத்தில் திணித்து, ஆணியில் மாட்டி, மெழுகுவத்தியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டு, ஜன்னலைத் திறந்து, துடைத்த முகத்தோடு கதவருகே போய் நின்றான். கண்ணாடி இன்னும் குளியலறையில் சாய்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து படத்தைப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பெரிய மனிதர் போய்விட்டார். ஆனால் கூப்பிய கைகள் மட்டும், உடம்பு இல்லாமல், கருகல் விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"வாங்க ஃபாதர், வாங்க. இதுதான் எங்க பரம்பரை வீடு" என்று மாமனார் சாமியாரை முன்னால் விட்டார். பின்னால் மனைவி வந்தாள். படத்தைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், நேராக அறைக்குள் போய்விட்டாள். அத்தை, வியர்வை ஒட்டிய பட்டுப்புடவையைத் தளர்த்திக்கொண்டே உள்ளே நடந்தார்.

சாமியார் இளைஞர். கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் படம் பார்க்க மட்டும் கூப்பிட்ட வருத்தம் முகத்தில் இருந்தது. மூக்கை உறிஞ்சினார்.

"ஏதோ கருகுற மாதிரி வாசனை வருதே."

மாப்பிள்ளையின் பைக்குள் மெழுகு தொடையோடு ஒட்டிக்கொண்டது.

மாமனார் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிதானமாக ஏரியலை எடுத்து, ஒவ்வொரு கணுவாக நீட்டினார்.

"அந்தக் காலத்துத் தீயோட வாசனை ஃபாதர். புழுக்கமான நாள்ல இன்னும் வரும்."

"அப்படியா? கண்ணாடி போடலையா?"

"போட்டா மாதாவுக்குப் புழுங்கும்னு அப்பப்ப எடுத்து வச்சுருவோம். இந்த விரிசலைப் பாருங்க. ஒளிவட்டத்துல ஆரம்பிச்சு…" ஏரியலின் நுனி வழக்கமான இடது தோளுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் தயங்காமல் மூக்கின் ஓரமாகத் திரும்பி வலது தோளில் போய் நின்றது. "…வலது தோள் வரைக்கும் வருது. புயல் ஃபாதர். புயல் நேராவா அடிக்கும்?"

சாமியார் விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் கறுப்பானது.

"உதிருது."

"பழைய கைவேலை. உதிரத்தான் செய்யும்." ஏரியல் வலது மூலைக்கு இறங்கியது. "வலது மூலைல இருக்கே, அது கருகல். எல்லாரும் வெளியூர் போயிருந்தாங்க, வீட்ல நான் ஒருத்தன்தான்…"

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. பெருமை கண்ணை மறைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். இடதையும் வலதையும்கூடவா மாற்றும்?

"இந்தக் கை யாரோடது?" என்றார் சாமியார், குனிந்து.

ஏரியல் காற்றில் ஒரு கணம் ஆடியது.

"எங்க முப்பாட்டனாரோடது" என்றார் மாமனார். "மண்டி போட்டு வேண்டிக்கிறாரு. மத்த உடம்பைத் தீ எடுத்துக்கிச்சு. கும்பிட்ட கையை மட்டும் அதால தொட முடியல."

"என்னோட முப்பாட்டனார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சாமியார் அந்தக் கையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். விரலில் இருந்த மை நெற்றியிலும் இரண்டு தோளிலும் வெள்ளை அங்கியிலும் பொட்டுப் பொட்டாகப் பதிந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லி விடைபெற்றார்.

கதவைச் சாத்திவிட்டு மாமனார் ஏரியலை மடக்கினார். ஒரு கணு சிக்கிக்கொண்டது. அதைத் தட்டி உள்ளே தள்ளினார்.

"மாப்பிள்ளை."

"மாமா."

"கருகல் இடது மூலைல இருந்துச்சு."

"ஆமா மாமா." இனிமேல் மறைத்துப் பயன் இல்லை என்று தோன்றியது. "மாமா, நீங்க மனசைத் தேத்திக்கணும். முன்னாடி இருந்ததும் கையால தீட்டினது இல்ல. அச்சுப் படம். அடில எழுதியிருந்துச்சு. நான் துடைச்சேன், வீங்கிருச்சு, இஸ்திரி போட்டேன், ஒட்டிருச்சு, புதுசு வாங்கினேன். கருகல் மட்டும் நானே வச்சேன்."

மாமனாரின் முகம் சிவந்தது. தொண்டையைச் செருமி, பேரவையில் தீர்மானம் வாசிக்கும் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் வீட்டை நம்பி ஒப்படைச்சேன். துடைக்கிறது, கொளுத்துறது, அப்புறம் அதை மறைக்கிறது. இப்படிப்பட்ட மனுஷன்கிட்ட மாடிச் சாவியை எப்படிக் குடுக்கிறது? நாளைக்கு மாடியே இருக்காது. பொறுப்புன்னா என்னன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் இந்த வீட்ல சாவி. நான் உயிரோட இருக்கிற வரைக்கும்…"

அறை வாசலில் மனைவி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கிக் குழாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

குளியலறைப் பக்கமிருந்து அத்தை வந்தார். கையில் மாதாவின் முகம் பதிந்த பூந்துவாலை. அதை உதறி, முகம் மேலே தெரியும்படி நான்காக மடித்து, சோபாவின் கைப்பிடியில் பதமாக வைத்தார். பிறகு கணவரின் முன்னால் வந்து, உள்ளங்கையை நீட்டினார்.

"சாவியைக் குடுத்துருங்க. இவராவது மூலையோட நிறுத்திட்டாரு. எங்கப்பா உங்களை நம்பி வீட்டை விட்டுட்டுப் போன அன்னைக்கு, நீங்க திரைச்சீலையையும் சேத்துல்ல கொளுத்தினீங்க."